இருபது மில்லி கூட

டின்னர் ப்ளெயின் என்று பெயர் வைத்த ஊரில்
இரவு எட்டேகாலுக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.
நானும் நிலவனும்
சூட்கேஸைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல்
ரொட்டியும் மிக்சரும் தின்றோம்.

மறுநாள் ஆடி அமாவாசை.
விக்டோரியா மலைகளில் ஆடியில்தான் பனி.
அம்மியைத் தூக்கும் காற்று அடிக்கத்தான் செய்கிறது.
அம்மி இல்லாததால்
வாடகைக்கு எடுத்த என் இடது கையுறையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

பழகுநர் சரிவில் டெஸ் என்கிற பெண்
"பீட்சாத் துண்டு மாதிரி காலை வையுங்கள்" என்றாள்.
வைத்தேன்.
துண்டு கிழிந்து இரண்டு திசையில் போயிற்று.
விழுந்து கிடந்த என்னை
நான்கு வயதுப் பிள்ளைகள் வளைந்து கடந்தார்கள்,
நடுரோட்டுப் பசுவை ஸ்கூட்டர்கள் கடப்பதுபோல.

மூன்று மணிக்குத் தம்பி படம் அனுப்பினான்.
அம்மா மண்டபம். ஈர வேட்டி.
கீழே ஒரு வரி: அப்பாவுக்கு எல்லாம் ஆச்சு.
எல்லாம் என்றால் எள், தண்ணீர், பிண்டம், வாழைக்காய்.
எதை வைக்கவில்லை என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
பதினோரு வருஷமாக வைத்ததில்லை.

பேருந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு வடிசாலை.
நடத்துகிறவள் பெயர் ப்ரூ.
காபி இல்லை, ஜின் காய்ச்சுகிறாள்
மலைமிளகும் ஏதோ இலையும் போட்டு.
செப்புக் கலத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
இந்த மலைக்கு ஒரு ஆள் உண்டு.
ஓல்சன். சறுக்குக் கட்டையில் தபால் கொண்டுவந்தவன்.
ஒரு ஜூலையில் வரவில்லை.
மரத்தடியில் கிடைத்தபோது
அவன் விறைத்திருந்தான், கடிதங்கள் காய்ந்திருந்தன.
ஒவ்வொரு காய்ச்சலிலும் முதல் வாய் அவனுக்கு, வாசலுக்கு வெளியே.
மறந்தால் குழாய் உறைந்துவிடும்.

எங்கள் பக்கமும் உண்டு என்றேன்.
சாராயம். கூடவே சுருட்டு.
"சுருட்டா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

கலத்தில் எழுவதும் ஆவி,
உடலை விட்டுப் போவதும் ஆவி,
போன பிறகு சுற்றுவதும் ஆவி, எங்களுக்கு ஒரே சொல் என்றேன்.
"எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதே" என்று
புட்டியைத் தள்ளினாள்.
இருநூறு மில்லி.
அப்பாவின் அளவைவிட இருபது மில்லி கூட.

பனிக்கட்டியை அவர் பார்த்ததெல்லாம் டம்ளருக்குள்தான்.
அதுவும் சம்பள நாளில்.

பன்னிரண்டு வயதில்
அவர் புட்டியை வாஷ்பேசினில் கவிழ்த்தேன்.
அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.
"தண்ணி விடும்மா, நாறும்"
என்றார். அவ்வளவுதான்.

இரவு, விடுதிக்குப் பின்னால், முழங்கால் வரை பனி.
காக்கையைத் தேடினேன்.
பகலெல்லாம் சிப்ஸ் திருடிய
மஞ்சள் கண் கறுப்புப் பறவை ஒன்றும் இல்லை.
சரி, தபால்காரரே,
நீங்கள்தான்.
உங்கள் பங்கு இது, முதல் வாய்.
மிச்சம் கு. மாசிலாமணி, லைன்மேன், ஓய்வு.
கதவு எண் தெரியாது.
கம்பத்தில் ஏறி நிற்கிற ஆளைக் கேளுங்கள்.
கையெழுத்து வாங்க வேண்டாம், கை நடுங்கும் அவருக்கு.

ஊற்றிய இடத்தில் பனி உள்ளே இறங்கியது
மூடி அளவுக்கு, பிறகு
கட்டைவிரல் போகிற அளவுக்கு.
மிளகு வாசம் வந்தது. நாறவில்லைப்பா
என்று நான் சொன்னது
வெள்ளையாக வாயைவிட்டு வெளியே வந்து
கொஞ்ச நேரம் நின்றது.

"என்னம்மா பண்றே அங்க?"
"தபால் போடுறேன்."
"யாருக்கு?"
"உள்ள போடா, குளிருது."

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது.
வாசல் மிதியடிமேல் என் இடது கையுறை,
காய்ந்து.
டெஸ் கொண்டுவந்து வைத்திருப்பாள் என்கிறான் நிலவன்.
இருக்கலாம்.
டெஸ்ஸிடம் நான் அறை எண் சொல்லவில்லை.